வாடையில்லாத வெள்ளை

கல்லைச் சுவரில் பதித்த பிறகுதான் அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் பெயிண்டின் ஞாபகம் வந்தது. குடிபோன பிறகு கூரையைப் பற்றிப் பேசுகிற ஆட்கள் இந்த உலகத்தில் உண்டென்றால் அது நம்ம ஆட்கள்தான், வேறு யாரைச் சொல்ல.

முறை என்று ஒன்று இருக்கிறது. கல்லில் எழுத்து வெட்டினால் கடையில் வைத்தே பள்ளங்களுக்குள் வெள்ளை நிரப்ப வேண்டும். அது காய்ந்து இறுகிய பிறகு மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து, துடைத்து, சாக்கில் சுற்றி அனுப்ப வேண்டும். வத்தேகமவில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் நிரோஷனும் அவன் மனைவி சஞ்சீவனியும் பத்து வருடமாக அப்படித்தான் செய்துவந்தார்கள். அவன் மெஷினில் வெட்டுவான், அவள் நிரப்புவாள். ஆனால் தோட்டத்துக் கமிட்டித் தலைவர் பழனியாண்டி ஒரு வியாழக்கிழமை லொறியோடு வந்து நின்றார். அன்றைக்குத்தான் நல்ல நாளாம். அதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். வெள்ளை நிரப்பாத கருங்கல்லை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் பதித்துவிட்டார்கள். கல்லைப் பதித்த மேசன் பாஸ் அந்தத் தாளை அழுக்கு என்று நினைத்து உரித்தும் போட்டுவிட்டார். பெயிண்ட்தானே, வந்து அடித்துக்கொண்டால் போயிற்று என்று பழனியாண்டி போனில் சொன்னபோது சஞ்சீவனிக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆனாலும் அவரிடம் சத்தம் போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் கல்லில் இருந்தவை அப்படிப்பட்ட பெயர்கள்.

போன கார்த்திகை மழையில் ஹுன்னஸ்கிரிய பக்கத்து அந்தத் தோட்டத்தின் மேல்பிரிவில் மலை பிளந்து இறங்கியது. இருபது ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் பாதியை விடியற்காலையில் மண் வழித்துக்கொண்டு போனது. பதினான்கு உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பதினைந்தாவது கிடைக்கவே இல்லை. தப்பியவர்களைக் கீழே, கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஐந்து மாதமாகியும் பதினொரு குடும்பம் அந்த ஒரே மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தது. கல்லைப் பதித்திருந்தது அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே, ஜன்னலை ஒட்டி.

ஜன்னலுக்கு உட்புறம் வடிவம்மாவின் பாய் இருந்தது. பழனியாண்டியின் கூடப்பிறந்த தங்கை. புருஷனைப் பல வருடங்களுக்கு முன்பே பறிகொடுத்தவள். நெஞ்சுவரை மண்ணில் புதைந்து நாலு மணி நேரம் கிடந்தவளை உயிரோடு இழுத்தெடுத்துக் கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். உயிர் திரும்பியது. மூச்சுத்தான் முழுதாகத் திரும்பவில்லை. பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். கிடைக்காத பதினைந்தாவது ஆள் அவளுடைய ஒரே மகள் யசோதினி, பதினெட்டு வயது. சத்தம் கேட்டு வெளியே ஓடும்போது புள்ளையின் கையைப் பிடித்திருந்ததாகவும் எப்போது விட்டதென்று தெரியவில்லை என்றும் வடிவம்மா கேட்பவர்களிடமெல்லாம் ஒரே மாதிரி சொல்வாள். அந்த ஐந்து மாதத்தில் அவள் ஒரு தடவையும் அழவில்லை. உடம்பைக் காட்டாமல் என்னை அழச் சொல்லாதீர்கள் என்றுவிட்டாள். காணாமற்போனவர் இறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று தாய் கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கிராம சேவகர் மூன்று தடவை கொண்டுவந்தார். மூன்று தடவையும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதனால் கல்லில் பதினான்கு பெயர்தான் இருந்தது. கீழே ஒரு பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.

சஞ்சீவனி முதல் நாள் போனபோது வழக்கமான எனாமலையும் தின்னரையும்தான் கொண்டுபோனாள். வெயிலுக்கும் மழைக்கும் அசையாத சாமான் அது. முதற்பெயரின் மூன்றாவது எழுத்துக்குச் சிரிஞ்சியால் வெள்ளையை விட்டுக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்குள் இருமல் தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. இரண்டு பெண்கள் வடிவம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து மரத்தடியில் உட்காரவைத்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு சீராக முக்கால் மணி நேரம் பிடித்தது. சஞ்சீவனி டின்னை மூடி, வைத்த மூன்று எழுத்தையும் துடைத்தெடுத்துவிட்டு, அந்த அம்மாளின் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

வடிவம்மாவை இரண்டு நாள் வேறெங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று பழனியாண்டி சொல்லிப் பார்த்தார். அந்த ஜன்னலை விட்டு அவள் அசையமாட்டாள். அங்கிருந்து பார்த்தால் மலைச்சரிவும், மிச்சம் நிற்கும் பாதி லயமும் தெரியும்.

மறுநாள் சஞ்சீவனி கெலிஓயாவுக்குப் போனாள். நிரோஷன் எப்போதும் சாமான் எடுக்கும் ஹார்ட்வெயார் கடையில் பெயிண்ட் பக்கம் முழுவதும் பர்ஹானாவின் பொறுப்பு. வாப்பாவின் கடைதான், ஆனாலும் டின்களைப் பற்றி வாப்பாவே மகளிடம்தான் கேட்பார். நெஞ்சு நோயாளி படுத்திருக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அடிக்க வேண்டும், வெளியே நிற்கும் கல், வாடை இருக்கக்கூடாது, ஆனால் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்று சஞ்சீவனி சொன்னாள். பர்ஹானா நாலு டின்னை இறக்கி மூடியைக் கிளப்பினாள். சஞ்சீவனி ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒன்று வாடையே இல்லை, ஆனால் வீட்டுக்குள் சுவருக்கு அடிப்பது, வெளியே வைத்தால் ஒரு மழைக்காலத்தில் மாவாக உதிர்ந்துவிடும். இன்னொன்று வாடை குறைவு என்று டின்னில் எழுதியிருந்தும் மூடியைத் திறந்ததும் கண்ணைக் கரித்தது. கடைசியில் தண்ணீரில் கரையும் ஒரு வெள்ளை மிஞ்சியது. வெளிவேலைக்கு உகந்தது, வாடை என்று சொல்ல ஈரச் சுண்ணாம்பின் அளவுகூட இல்லை.

"அக்கா, இது தொட்டா காஞ்ச மாதிரித்தான் இரிக்கும். அத நம்பிடாதீங்க," என்றாள் பர்ஹானா. "காயிறது வேற, உள்ளுக்கு இறுகுறது வேற. ஏழு நாள் போகும். ஒங்கட மலைக் குளிருக்குப் பத்து எண்டு வெச்சிக்கோங்க. அதுவரைக்கும் தண்ணி படப்படாது."

தாழ்வாரத்துக்குக் கீழேதான் கல் இருக்கிறது, மழை படாது என்றாள் சஞ்சீவனி. அப்படியென்றால் பயமில்லை என்று பர்ஹானா டின்னைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் டின்னைத் திறந்து முதலில் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் நீட்டினாள் சஞ்சீவனி. வடிவம்மா முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. பெரிய பரீட்சையில் பாஸ் பண்ணியவள் மாதிரி சஞ்சீவனிக்கு மனசு லேசாகிவிட்டது. செவ்வாயும் புதனும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பதினான்கு பெயரையும் நிரப்பினாள். திறப்புவிழா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. நாள் கணக்குச் சரியாக இருந்தது.

அந்த இரண்டு நாளும் வடிவம்மா ஜன்னலுக்குள் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு பெயரும் வெள்ளையாகும்போது அது யார், யாருக்கு என்ன முறை, என்ன சாப்பாடு பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிப் பெயரும் முடிந்து சஞ்சீவனி கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தைத் துணியால் துடைத்தபோது, தன் மகள் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வடிவம்மா கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். சஞ்சீவனிக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

"பேர் இல்லாட்டி, நாளைக்கு வாறவங்களுக்கு அப்படி ஒரு புள்ள இங்க இருந்ததே தெரியாம போயிடும்க்கா," என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வடிவம்மா கிராம சேவகரைத் தானே கூப்பிட்டனுப்பிக் கையெழுத்துப் போட்டாள். புதன் காலையில் நிரோஷன் கைமெஷினோடு வந்து, சுவரில் நிற்கும் கல்லிலேயே யசோதினி என்ற பெயரை வெட்டினான். அவன் தூசியை ஊதிவிட்டு எழுந்ததும் சஞ்சீவனி அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

திறப்புக்கு இன்னும் இரண்டே நாள். அதற்குள் வாடையில்லாத வெள்ளை இறுகாதென்று அவளுக்குத் தெரியாமலில்லை. பையில் எனாமல் டின்னும் இருந்தது. அதை வைத்திருந்தால் ஒரு ராத்திரியில் கல்லைக் கவ்வியிருக்கும். கையில் எடுக்கவும் எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு முழ தூரத்தில், கம்பிக்குப் பின்னால், வடிவம்மாவின் முகம். மகள் பெயரை நிரப்புவதைப் பார்க்க அன்றைக்குக் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் இருங்கள் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? சஞ்சீவனி எனாமலைப் பைக்குள் வைத்துவிட்டு வாடையில்லாத வெள்ளையை எடுத்தாள். மழை படாத இடம், யார் தொடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தோட்டம் முழுவதும் திரண்டு வந்திருந்தது. சஞ்சீவனியும் நிரோஷனும் பின்னால் நின்றார்கள். திரையை விலக்கினார்கள். பதினைந்து பெயரும் கருங்கல்லில் பளிச்சென்று நின்றன. அதற்குப் பிறகுதான் கோயில் பூசாரி அழகர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள், வரிசையாக, கையில் செம்போடு. ஒரு செம்பில் நல்லெண்ணெய், ஒன்றில் மஞ்சள் தண்ணீர், மற்ற எல்லாவற்றிலும் பால்.

சஞ்சீவனிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கடையில் வெட்டும் மெஷினைக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைக்கிறவள் அவளே. அப்பா செத்த மறுநாள் பால் தெளிக்கப் போனவளும் அவளே. இந்தச் சனம் ஒரு கல்லை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்குமா? இரண்டு வாரமாக மழையைப் பற்றி யோசித்தாளே தவிர, இதை யோசிக்கவே இல்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும் இல்லை. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் செத்தவர்களுக்குப் பால் ஊற்றுகிற கையை யார் பிடிப்பது? தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அழகர் எண்ணெயைத் தடவித் தேய்த்தார். மஞ்சள் தண்ணீரை விட்டுக் கழுவினார். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டுப் பெயரின் மேல் பாலை ஊற்றி, உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்கள். சிலர் பிள்ளையின் முகத்தைக் கழுவுவது போலத்தான் கழுவினார்கள். வடிவம்மா கடைசியாக வந்து, குந்தி உட்கார்ந்து, மகளின் பெயரை வெகு நேரம் தடவினாள். பாலும் வெள்ளை, பெயிண்டும் வெள்ளை. எது வழிகிறதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. பூசாரி புதுத் துண்டால் கல்லை மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்துவிட்டு விலகினார். பதினான்கு பெயர் இருந்தது. கடைசி வரியில் கறுப்புக் கல்தான் இருந்தது.

தப்பு நின்றுவிட்டது. வடிவம்மா அந்த வெற்றுப் பள்ளங்களில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, அண்ணனைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அவ பேரு நிக்கல. நான்தான் அவசரப்பட்டுக் கையெழுத்து வச்சிட்டேன்."

பூசாரியாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? மற்ற பெயரெல்லாம் நிற்க இது மட்டும் போகிறதென்றால் அம்மன் ஏதோ சொல்கிறாள் என்றார். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்திக்கு, மண்ணில் அடிபட்டுப் புத்தி தடுமாறி எங்கோ ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய யாரோ ஒருவரின் கதை ஞாபகம் வந்துவிட்டது. அது பெயிண்டின் கோளாறு, இன்னும் இறுகவில்லை என்று சஞ்சீவனி பழனியாண்டியின் காதோடு சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, இப்போது ஒன்றும் பேசாதே தாயி என்றார். பேசாமல் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. விடு, ஐந்து மாதத்தில் அந்த அம்மாவுக்கு இன்றைக்குத்தான் ஒரு நல்ல சேதி கிடைத்திருக்கிறது, அதை ஏன் பிடுங்குவானேன் என்றான் நிரோஷன். அவளுக்கும் அந்தச் சொல் அப்போதைக்கு வசதியாக இருந்தது.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில், அதே கல்லின் வெட்டுத்துண்டு ஒன்றில் ஒரு பெயரை வெட்டித் தரச் சொன்னாள். யாருடைய பெயரை என்று நிரோஷன் கேட்டான். செத்தவர் யார் பெயரையும் வைத்து விளையாட அவளுக்குப் பயமாக இருந்தது. உயிரோடு இருக்கிற இன்னொருவர் பெயரை நினைவுக்கல்லின் துண்டில் வெட்ட அதைவிடப் பயம். என் பெயரையே வெட்டுங்கள் என்றாள். அதே வெள்ளையை நிரப்பிக் காயவைத்தாள்.

திங்கட்கிழமை பழனியாண்டியின் அழைப்பு வந்தது. பேச்சை விட அழுகைதான் அதிகமாகக் கேட்டது. வடிவம்மா பிள்ளைக் காம்பராவை விட்டுப் போய்விட்டாள். மேலே, இடிந்தது போக மிச்சம் நிற்கும் பாதி லயத்தில், தன் பழைய காம்பராவில் போய் அடுப்பு மூட்டிவிட்டாள். மகள் வந்தால் வீட்டுக்குத்தானே வருவாள், வீடு பூட்டிக் கிடக்கலாமா என்கிறாள். அந்த லயத்துக்கு மேலே மலையில் ஆள் இறங்கும் அகலத்துக்கு வெடிப்பு ஓடுகிறது, யாரும் போகக்கூடாது என்று அதிகாரிகள் சிவப்பு நாடா கட்டிவைத்த இடம். பொலிஸ் ஒரு தடவை இறக்கிக் கொண்டுவந்து விட்டது. அவள் பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து திரும்பவும் ஏறிவிட்டாள். பின்னேரமானால் இடியும் மழையும். நீ செய்த வேலைதானே தாயி, நீயே வந்து சொல்லிக் கூட்டிக்கொண்டு வா என்றார் பழனியாண்டி.

சஞ்சீவனி அந்த வெட்டுத்துண்டையும் ஒரு பாக்கெட் பாலையும் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். பிள்ளைக் காம்பராவில் இருந்து மேலே ஏறும்போது மணி இரண்டிருக்கும். மலைக்குப் பின்னால் ஏற்கெனவே கறுத்திருந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம் பழனியாண்டி நின்றுகொண்டார். அண்ணன் முகத்தைப் பார்த்தாலே அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம்.

வடிவம்மா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது. கயிற்றில் ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது. மண்ணுக்குள் இருந்து எடுத்துத் துவைத்தது, கறை போகவில்லை. சஞ்சீவனியைப் பார்த்ததும், வா தங்கச்சி என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வந்த வழியே ஓடிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. பின்சுவரில் கூரையில் இருந்து தரைவரை வெடித்து, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். அது சாமி வேலை இல்லை, பெயிண்ட் வேலை. மற்ற பெயருக்கு இறுகப் பத்து நாள் கிடைத்தது, யசோதினியின் பெயருக்கு இரண்டு நாள்தான் கிடைத்தது. பிறகு வெட்டுத்துண்டை எடுத்து நிலைப்படியில் வைத்தாள். இதுவும் இரண்டு நாள் காய்ந்ததுதான் என்று சொல்லிப் பாலை ஊற்றி, அழகர் தேய்த்தது போலவே உள்ளங்கையால் தேய்த்து, சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். எழுத்தெல்லாம் வெறும் பள்ளமாகிவிட்டது.

வடிவம்மா குனிந்து, பள்ளத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"ஒம் பேரா? நீதான் உசுரோட இருக்கியே தங்கச்சி," என்றாள் நிதானமாக. "அதான் நிக்கல."

இப்படி ஒரு மடத்தனத்தை சஞ்சீவனி தன் ஆயுசில் செய்ததில்லை. வத்தேகமவில் இருந்து சுமந்துகொண்டு வந்து, அந்தத் தாயின் நம்பிக்கைக்குத் தன் கையாலேயே ஆணி அடித்துக் கொடுத்துவிட்டாள். வெளியே முதல் இடி விழுந்தது. பின்சுவர் வெடிப்பில் இருந்து மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வடிவம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோற்றைக் கிளறப் போனாள்.

அதற்கு மேல் சஞ்சீவனியிடம் காட்ட ஒன்றும் இல்லை. சொல்ல ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. யாரிடமும், நிரோஷனிடம்கூட, அதை அவள் சொன்னதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

"அன்னைக்கு என் பையில மத்தப் பெயிண்டும் இருந்திச்சுக்கா. வாடை அடிக்குமே, அது. அத வச்சிருந்தா ஒரு ராவுல இறுகியிருக்கும், பேரு நின்னிருக்கும். கையில எடுத்தேன். நீங்க ஜன்னல்ல உக்காந்திருந்தீங்க. ஒங்களுக்கு மூச்சு முட்டுமேன்னுதான் இத வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்."

வடிவம்மாவின் கை அகப்பையோடு நின்றது. அவள் சஞ்சீவனியின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள யாரும் பொய் சொல்வதில்லை. அது அவளுக்கு விளங்கியதை சஞ்சீவனி கண்ணால் பார்த்தாள். சிரிப்பு போனது. அதற்குப் பிறகு முகத்தில் ஒன்றுமே இல்லை.

"எனக்காகவா வச்ச?"

"ஆமாக்கா."

வடிவம்மா செம்புத் தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தாள். கயிற்றில் கிடந்த சட்டையை எடுத்து மடித்து மடியில் செருகிக்கொண்டு, சஞ்சீவனியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி வழியில் மழை பிடித்தது. நாடாவுக்கு அருகில் பழனியாண்டி ஓடிவந்து மறுபக்கம் தாங்கிக்கொண்டார். பிள்ளைக் காம்பராவுக்கு வந்தும் அவள் உள்ளே போகவில்லை. தாழ்வாரத்தில் கல்லுக்கு முன்னால், ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பெயிண்ட கொண்டாந்திருக்கியா? வாடை அடிக்கிறத?"

வேலைப் பையின் அடியில் அது எப்போதும் கிடக்கும். இல்லை என்று சொல்ல சஞ்சீவனிக்கு நாக்கு வரவில்லை. நாளைக்குச் செய்கிறேன், நீங்கள் கொஞ்சம் தள்ளி இருக்கும்போது செய்கிறேன் என்று கெஞ்சினாள். பழனியாண்டியும் கெஞ்சினார். வடிவம்மா அசையவில்லை.

"அவளுக்கு ஒரு காரியமும் நான் செய்யல. கொள்ளி இல்ல, குழி இல்ல. இதுக்காச்சும் கூட இருக்கேன். நீ வையி."

சஞ்சீவனி பள்ளங்களைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, தின்னரால் கழுவினாள். வாடை கிளம்பியது. மழைத் திரைக்குள் அது வெளியே போக வழியில்லாமல் தாழ்வாரத்திலேயே நின்றது. முதல் எழுத்திலேயே இருமல் வந்துவிட்டது. சஞ்சீவனி கையை நிறுத்தினாள். வடிவம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லின் பக்கம் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. கை நடுங்கினால் வெள்ளை வெளியே போய்விடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாக நிரப்பினாள். பக்கத்தில் இருமல் இழுப்பாக மாறுவதைக் கேட்டுக்கொண்டே நிரப்பினாள். நாலு எழுத்து. அவ்வளவு நேரம் பிடிக்கும் நாலு எழுத்தை அவள் அதுவரை எழுதியதில்லை.

முடிந்ததும் டின்னை மூடினாள்.

"இனிப் போகாதுல்ல?" என்று கேட்டாள் வடிவம்மா. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கியது.

"போகாதுக்கா."

அப்போதுதான் அவள் இரண்டு கையையும் தலையில் வைத்தாள். ஐந்து மாதமாக அழாதவள் அழ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. காற்று உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வாய் திறந்தபடி, கண் பிதுங்க, அவள் மகளின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழனியாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள், காற்று இருக்கிற இடத்துக்கு ஓடினார். உள்ளே இருந்த பெண்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, மழையில் அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு, யசோதினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தாயால் எடுக்க முடியாத ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.